வெட்டி எறிந்த கைப்பிடி

கல்முனையில் புதிதாகத் திறந்திருக்கும் ஈமெயில் கடையில் இருந்து எழுதுகிறேன், பழைய மெசின் திருத்தும் கூட்டாளிமாரே. வீட்டுக்குப் போக மனம் வரவில்லை.

பழைய டிராக்டர், அதுதான் உழவு மெசின், ஒன்றைத் திருத்துகிறேன் என்று உங்களிடம் பெருமையடித்தேனே, அதை இன்று நிந்தவூர்ச் சந்தைக்கு ஓட்டிப் போனேன். சுற்றி நின்றவர்களிடம், "கொம்பனியால வந்த மாதிரியே இரிக்கி, ஒரு ஆணி கூடுதலா இல்ல" என்று அளந்துகொண்டிருந்தேன்.

கூட்டத்தில் ஹபீபா ராத்தாவும் நின்றார். கணவர் மவுத்தான பிறகு மெசினை எனக்கு விற்றவர் அவர்தான்.

கிட்ட வந்தவர் பார்க்காமலே பின்சக்கர மட்காட்டில் கையை வைத்தார். கை எதையோ தேடியது. புதுப் பெயின்டில் வழுக்கியது.

"தம்பி, இதில ஒரு கைபுடி இருந்திச்சே?"

"அது கொம்பனிச் சாமான் இல்ல ராத்தா. ஆரோ வெல்டிங்கில ஒட்டி வச்சிருந்தாங்க. வெட்டி எறிஞ்சிட்டன்."

"அவர்தான் ஒட்டினவர். மூத்தவள் வயித்தில இரிக்கக்குள்ள, இதில குந்தித்தானே ஆசுபத்திரிக்குப் போவன். நான் புடிச்சிக்கிடத்தான்."

அவர் கோபப்படவில்லை. "பெயின்ட் வடிவா இரிக்கி" என்று சொல்லிவிட்டு மீன் வாங்கப் போனார்.

மெசினை வாங்கிய அன்று இஞ்சின் நம்பரைக்கூடத் துருவைத் தேய்த்துப் பார்த்தவன் நான். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கைப்பிடி பழைய இரும்போடு போய்விட்டது. இனி ஒன்று செய்து ஒட்டினால், மெசினில் உள்ள ஒரே போலிச் சாமான் அதுவாகத்தான் இருக்கும்.

ஒட்டட்டுமா, விடட்டுமா? சொல்லுங்கள் கூட்டாளிமாரே.