பத்தரை மணிச் சைக்கிள்

பலெர்மோவில் பஸ்ஸுக்குக் காத்திருப்பதும் ஜெபமாலை சொல்வதும் ஒன்றுதான் என்று அப்பா சொல்வார். கேட்டது கிடைக்கும், எப்போது என்பதுதான் தெரியாதாம். அம்மாவுக்கு அந்தப் பொறுமை இல்லை. காலை ஆறு மணிக்கு ஒரேத்தோப் பகுதியில் ஐந்து மாடிக் கட்டடங்கள் இரண்டின் படிக்கட்டுகளைக் கழுவத் தொடங்க வேண்டும். பதினொரு மணிக்கு நகரத்தின் மறு பக்கத்தில் சினோரா என்று நாங்கள் கூப்பிடும் ஒரு வயதான இத்தாலியப் பெண்மணியின் வீட்டில் வேலைக்கு நிற்க வேண்டும். ஆகவே இத்தாலிக்கு வந்த இரண்டாம் வருடமே பல்லரோச் சந்தையில் ஒரு பழைய கறுப்புச் சைக்கிளை வாங்கிவிட்டார். ஊரில் பத்து வயதில் ஏறிய சைக்கிளிலிருந்து அம்மா கல்யாணத்துக்குத்தான் இறங்கினார் என்பது அப்பாவின் இன்னொரு பகிடி.

வாங்கிய சைக்கிளில் பிரேக் பாதிதான் பிடித்தது. அதை அம்மா பெரிதாக எடுக்கவில்லை. மணி இல்லை என்பதுதான் அவருக்குக் குறையாகப் பட்டது. மூன்று கிழமை தேடித் திரிந்து, தேங்காய்ச் சிரட்டை அளவில் ஒரு மணியை வாங்கிப் பூட்டிய பிறகே அதை வேலைக்கு எடுத்துப் போனார். அப்பா ஒருமுறை அடித்துப் பார்த்துவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டார்.

நான் நான்காம் வகுப்பில் இருந்த 2005ஆம் ஆண்டுக் குளிர்காலம் அது. எங்கள் பக்கம் பனி கொட்டாது. மழை வரும், கடற்காற்று வரும், பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே வரும். சந்தையைச் சுற்றியுள்ள கல் வீதிகள் மீன் வெட்டும் பலகைபோல வழுக்கும். அம்மா அப்பாவின் பழைய ஜக்கெற்றைப் போட்டு, அதன்மேல் உள்ளே இருப்பதெல்லாம் தெரியும் ஒரு பிளாஸ்டிக் மழைக்கோட்டைப் போடுவார். பாவாடைக்குக் கீழே கால்சட்டை. கம்பளிக் கையுறை நனைந்து விறைக்கிறது என்று அதற்கு மேல் கோப்பை கழுவுகிற மஞ்சள் ரப்பர் கையுறை. படி கூட்டக் கட்டடத்தில் கொடுக்கும் தும்புத்தடி உதவாது என்று தன் சொந்தத் தடியைச் சைக்கிளோடு கட்டிக்கொண்டு போவார். அது முன்னால் ஒரு முழம் நீட்டிக்கொண்டிருக்கும். சண்டைக்குப் புறப்பட்ட ஆள் என்று நினைத்து நாய்கள்கூட விலகும்.

நான் எழும்புவதற்கு முன்னமே அம்மா போய்விடுவார். திரும்பி வரும்போது நானும் அப்பாவும் சாப்பிட்டு முடித்திருப்போம். அப்பாதான் என்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, தான் கோப்பை கழுவும் உணவகத்துக்கு மத்தியானம் போவார். அப்படியிருந்தும் பகலில் ஒருதரம் அம்மாவை நான் ஒவ்வொரு நாளும் பார்த்தேன். காலை பத்தரை மணி இடைவேளையில், ஒரேத்தோவிலிருந்து சினோரா வீட்டுக்குப் போகும் வழியில், அவர் எங்கள் பள்ளிக்கூடத்தடியில் நிற்பார்.

நிற்பது மட்டும் என்றால் பரவாயில்லை. அம்மாவின் ஊரில் ஒரு வீட்டுக்குப் போகிறவர் வாசல் படலையடியில் சைக்கிளை நிறுத்தி மணியடிப்பார். உள்ளே இருப்பவர் வெளியே வருவார். பெயர் சொல்லிக் கூப்பிடத் தேவையில்லை. அம்மா அந்த வழக்கத்தை ஓர் இத்தாலியப் பள்ளிக்கூடத்தின் இரும்புக் கேற்றில் கொண்டுவந்து வைத்தார். இரண்டு தரம் அடிப்பார், கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம். முற்றத்தில் இருநூறு பிள்ளைகள் போடும் சத்தத்துக்கு மேலால் அது கேட்கும்.

நான் ஓடிப்போவேன். மற்றத் தாய்மார் கேற்றடிக்கு வந்தால் மறந்துபோன கொப்பியோ, சுடச்சுட ஒரு துண்டு ஸ்பிஞ்சோனே ரொட்டியோ கையில் இருக்கும். என் அம்மா வெறுங்கையோடு வருவார்.

"கிட்ட வா பிள்ளை, பாப்பம்."

கம்பிகளுக்கு இடையால் முகத்தைப் பார்ப்பார். குளிருதோ என்று கேட்பார், இல்லை என்பேன். சாப்பிட்டனியோ என்பார், ஓம் என்பேன். பிறகு இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்பார். இரண்டு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். இதற்காக ஒரு மனுசி ஏன் வரவேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. ஒருநாள் கேட்டும் பார்த்தேன். "போற வழிதானே" என்றார்.

தை மாதம் ஒருநாள் நல்ல மழை. எங்களை முற்றத்துக்கு விடவில்லை. வகுப்புக்குள்ளே இருந்து கொறித்துக்கொண்டிருந்தோம். வீதியில் மணி கேட்டது. வகுப்பு முழுவதும் ஜன்னலுக்குப் பாய்ந்தது. கீழே அம்மா மழைக்கோட்டோடும் மஞ்சள் கையோடும் நீட்டிய தடியோடும் நின்று, எந்த ஜன்னல் என்று தெரியாமல் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பவும் அடித்தார். யாரோ ஒரு பையன் "திரின் திரின்" என்றான். அடுத்த நிமிடம் எல்லோரும் அதையே சொன்னார்கள். ஆசிரியை நல்லவர். சிரிப்பை அடக்கிக்கொண்டு, எங்களிடமும் ஒரு மணி இருக்கிறதென்று அம்மாவிடம் சொல் என்றார். நான் ஜன்னலை விட்டு விலகி என் இடத்தில் போய் இருந்துவிட்டேன். அம்மா எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியாது.

அன்றிலிருந்து என் பெயர் திரின்திரின் ஆகிவிட்டது. அந்த வயதில் அது தாங்கக்கூடிய விஷயம் இல்லை. ஒரு கிழமை பொறுத்தேன். பிறகு ஓர் இரவு, அம்மா வேலையால் வந்து சுடுதண்ணீர்ப் பேசினுக்குள் கையை வைத்துக்கொண்டு இருந்தபோது சொன்னேன்.

"அம்மா, நீங்கள் இனிப் பள்ளிக்கூடத்தடிக்கு வராதேங்கோ."

"ஏன் பிள்ளை?"

"பெடியள் பகிடி பண்ணுறாங்கள்."

"மணி அடிக்காமல் வரட்டோ?"

"வேண்டாம். வரவே வேண்டாம்."

அம்மா தண்ணீருக்குள் விரல்களை மடக்கி நிமிர்த்தினார். "ஓம், சரி" என்றார். அடுப்படியிலிருந்து அப்பா, "அந்த மணி ஊரைக் கூட்டுமெண்டு நான் அப்பவே சொன்னனான்" என்றார். அவர் சொன்னதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை.

அடுத்த நாள் பத்தரைக்கு மணி கேட்கவில்லை. எனக்கு வெற்றி. அதற்கடுத்த நாளும் கேட்கவில்லை. வேடிக்கை என்னவென்றால் பெயர் போகவில்லை. திரின்திரின், உன் அம்மா எங்கே என்று பிள்ளைகள் கேட்கத் தொடங்கினார்கள். அவரை முதலில் காண்பது யார் என்று தங்களுக்குள் போட்டி வைத்திருந்தவர்களுக்கு ஏமாற்றம். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, நானும் கேற்றடியில் போய் நிற்பதைக் கண்டேன். சும்மா நிற்பதாக எனக்கே சொல்லிக்கொண்டேன். தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் கம்பிகளுக்கு இடையால் எட்டிப் பார்ப்பேன். இப்போது வளர்ந்து, இத்தாலியின் வடக்கே, எல்லோரும் சைக்கிளில் வேலைக்குப் போகும் ஒரு நகரத்தில் இருக்கிறேன். முதுகுக்குப் பின்னால் மணி கேட்டால் இன்றைக்கும் திரும்பிப் பார்க்கிறேன். அம்மா பலெர்மோவில் முழங்கால் வலியோடு இருக்கிறார் என்பது தெரிந்தும்தான்.

திரும்பி வாங்கோ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானே வேண்டாம் என்றேன், நானே எப்படிக் கேட்பது? பிறகு மாசி மாதத்தில் ஒருநாள் ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் என்று பள்ளிக்கூடம் பூட்டினார்கள். அப்பாவுக்கு அன்று விடியவே வேலை. என்னைத் தனியே விட முடியாது என்று அம்மா கூட்டிக்கொண்டு போனார். பின்னால் காரியரில் ஒரு போர்வையை மடித்துக் கட்டி என்னை ஏற்றினார். "காலை அகட்டி வை, சில்லுக்குள்ளை விட்டிடாதை" என்றார். நான் அவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஜக்கெற்றில் பிளீச்சிங் மணமும் நனைந்த கம்பளி மணமும் வந்தன. சொல்ல வேண்டியதை அங்கேயே, அவர் முகம் தெரியாத அந்த இடத்திலேயே, சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

ஒரேத்தோவில் சொல்லவில்லை. அம்மா ஐந்தாம் மாடியிலிருந்து கழுவிக்கொண்டு இறங்க, நானும் ஒவ்வொரு மாடியாக இறங்கி இருந்தேன். நாளைக்குப் பத்தரைக்கு வாங்கோ அம்மா, மணியும் அடிக்கலாம். இதைத்தான் படிக்குப் படி மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். பத்து மணிக்குப் பிறகு திரும்பவும் சைக்கிளில் ஏறினோம். தூறல் தொடங்கியிருந்தது. காற்று எதிர்க்காற்று. அம்மா மூச்சு வாங்கி மிதித்தார்.

ரயில் நிலையத்தைத் தாண்டியதும் இடப்பக்கம் திரும்புவார், பள்ளிக்கூடத்தடி வரும், அப்போது சொல்வோம் என்று இருந்தேன். அம்மா திரும்பவில்லை. வியா ரோமா என்ற பெருவீதியில் நேரே விட்டார். கடைகள் கடகடவென்று பின்னால் போயின. சொல்ல வேண்டியதை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டிருக்கும்போதே, அந்தா சினோரா வீடு என்று கையைக் காட்டினார்.

நான் ஆச்சரியப்பட்டுப் போனேன். பள்ளிக்கூடம் எங்கேயோ மேற்கே, ஏற்றத்தில் கிடந்தது. அங்கே போய் வருவதென்றால் நகரத்தைப் பாதி சுற்ற வேண்டும். எனக்கு ஒன்று மட்டும் தெளிவாக விளங்கியது: பாவம் அம்மா, இவ்வளவு காலமும் அவருக்கு நேர் வழி தெரிந்திருக்கவில்லை. நான் வரவேண்டாம் என்று சொல்லப் போய்த்தான் கண்டுபிடித்திருக்கிறார். இனி அவரைத் திரும்பவும் அந்த ஏற்றத்தில், இந்த மழையில் கூப்பிடுவது சரியில்லை. சொல்ல வந்ததை விழுங்கினேன்.

"அம்மா, இது நல்ல கிட்டப் பாதை. நீங்கள் எப்பவும் இதாலையே போங்கோ."

மிதிப்பது நின்றது. சைக்கிள் கொஞ்சத் தூரம் தானாக உருண்டது.

"ஓம் பிள்ளை" என்றார். "கிட்டத்தான்."

சினோரா வீட்டு வாசலில் என்னை இறக்கிவிட்டு, இரண்டு சோடிக் கையுறைகளையும் கழற்றி, வெறுங்கையால் என் முகத்து மழையைத் துடைத்தார். துடைத்து முடிந்த பிறகும் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு உள்ளே போய் லிஃப்டில் ஏற அவசரம். நேரம் போச்சுது அம்மா, வாங்கோ என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

அன்று முழுவதும் அம்மாவுக்கு ஒரு பெரிய உதவி செய்துவிட்ட நினைப்பில் இருந்தேன். என் ஆசையை விட்டுக்கொடுத்ததில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. வழியின் தூரத்தை நான் சரியாகத்தான் கண்டுபிடித்திருந்தேன். ஒரு மனுசி வழி தெரிந்துகொண்டே, மழையிலும் காற்றிலும் தூரத்தால் சுற்றிப் போவாள் என்பது மட்டும் எனக்குத் தோன்றவில்லை. குளிர் விடும்வரை ஒவ்வொரு நாளும் பத்தரை மணிக்கு நான் கேற்றடியில் போய் நின்றேன். அம்மா, நான் சொன்னபடியே, நேர் வழியால் போனார்.