என் தம்பி கடைசியாகப் பொறுக்கிய வான்கோழி

இந்த நினைவுப் புத்தகத்தைக் கையில் வாங்கும் சொந்தக்காரருக்கும் சிநேகிதருக்கும், இறந்தவரின் தமக்கையாகிய நான் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து கோணலாய் வரும், முன்னே நடந்தது பின்னே வரும், சிலது மறந்தே போயிற்று. பொறுத்துக்கொள்ளுங்கள். தம்பியை 'அவர்' என்று எழுதுவதுதான் முறை என்று எங்கள் சபை உபதேசியார் சொன்னார். என் இடுப்பில் வளர்ந்த பிள்ளை. எங்காவது 'அவன்' என்று வந்துவிட்டால் மன்னிக்கவும்.

தம்பி குடியாத்தம் பக்கத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தார். தாது வருஷப் பஞ்சத்தில் அப்பாவும் அம்மாவும் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். எனக்குக் கல்யாணமாகியிருந்தது, ஆனால் என் வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளை வேலூருக்கு நடந்து போய், ஒரு துரை வீட்டுக் குசினியில் சாம்பல் அள்ளும் வேலையில் சேர்ந்தார். அள்ளிய சாம்பலுக்குக் கூலி, வடித்த கஞ்சி. அங்கேயே பார்த்துப் பார்த்துச் சமையல் பழகினார். இந்தத் தங்க வயலில் சுரங்கம் தோண்ட வந்தபோது துரை தம்பியையும் கூட்டிவந்தார். இங்கே காலூன்றியதும் தம்பி முதலில் செய்த காரியம் எங்களை அழைத்துக்கொண்டதுதான். என் வீட்டுக்காரருக்குச் சுரங்கத்தில் வேலை கிடைத்ததும் தம்பி சொல்லித்தான்.

தம்பியின் மனைவி, மகள் எஸ்தர் பிறந்த மூன்றாம் மாதம் காலராவில் இறந்தாள். எஸ்தரை நான் வளர்த்தேன். தம்பி வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

கிறிஸ்து பிறந்த பண்டிகைக்குத் துரைமார் வான்கோழி சமைப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். பங்களாவில் விருந்து முடித்துவிட்டு மறுநாள்தான் தம்பி சுரங்கத்தார் வரிசையாய்க் குடியிருக்கும் எங்கள் லைன் வீட்டுக்கு வருவார். அதனால் இங்கே வந்த இருபது வருஷமும் எங்களுக்குப் பண்டிகை இருபத்தாறாம் தேதிதான். அக்கம்பக்கத்தார் கேலி செய்வார்கள். எஸ்தர் சிறு பிள்ளையாய் இருந்தபோது இயேசு இரண்டு நாள் பிறந்தார் என்றே நினைத்திருந்தாள்.

தம்பிக்கு நீரிழிவு வந்தது. பார்வை மங்கியது, விரல்கள் மரத்துப்போயின. எங்களிடம் சொல்லவில்லை. ஒருநாள் கொதிக்கும் சட்டியை வெறுங்கையால் பிடித்து, தோல் உரிந்தது தெரியாமல் பரிமாறப் போயிருக்கிறார். துரைசானி அதைப் பார்த்துப் பயந்துபோய், "நீ வீட்டுக்குப் போய் ஓய்வெடு" என்று அனுப்பிவிட்டார். அந்த வருஷம் ஐப்பசியில் பெட்டியோடு என் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்று, "அக்கா, இந்த வருஷம் இருபத்தஞ்சாம் தேதியே நம்ம வீட்ல பண்டிக. நான் வான்கோழி பண்ணிப் போடறேன்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். இனிமேல் தான் சமையல்காரனா இல்லையா என்று தன்னையே கேட்டுப் பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

பூதிகோட்டையில் ஒரு குடியானவர் பங்களாக்களுக்காக வான்கோழி வளர்த்தார். பண்டிகைக்கு நான்கு நாள் முன்னால் வண்டி கட்டிக்கொண்டு நானும் தம்பியும் போனோம். நல்லதெல்லாம் பங்களாக்களுக்குப் போய்விட்டது, மூன்றுதான் மிச்சம். இளசு எது, முற்றல் எது என்று பார்க்கும் வழியைத் தம்பி நூறு தடவையாவது என்னிடம் சொல்லியிருக்கிறார். நெஞ்செலும்பின் நுனியை அழுத்தினால் இளங்கோழிக்கு வளையும், கிழக்கோழிக்கு வளையாது. காலின் பின்புற முள் இளசுக்கு உளுந்தளவு இருக்கும், முற்றலுக்கு ஆணிபோல் நீண்டிருக்கும்.

தம்பி பெரிய சேவலை மடியில் வைத்து நெஞ்சை அழுத்தினார். திரும்பத் திரும்ப அழுத்தினார். "வளையுது பாரு" என்றார். நான் காலைப் பார்த்தேன். முள் என் சுண்டுவிரல் கணுவளவு நீண்டிருந்தது. விற்கிறவர் என்னைப் பார்த்தார், பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பக்கத்தில் சிறியதாய் ஒரு பெட்டை இருந்தது. அதன் கால் இளசுக்கே உள்ளபடி கறுத்து வழவழவென்று இருந்தது.

"இன்னாக்கா, இது சரிதானே?"

"உனக்குத் தெரியாததா தம்பி" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். நான் சபையில்கூட வாய் திறந்து பேசியவள் இல்லை. ஆனால் அன்றைக்குப் பேசியிருக்கலாம்.

வீட்டில் அதற்குக் கேழ்வரகு உருண்டையும் மோரும் ஊட்டினார். அறுக்கும் நாளில், துரை வீட்டு வழக்கப்படி அதன் வாயைப் பிளந்து இரண்டு கரண்டி சாராயம் ஊற்றினார். ஷிப்ட் முடிந்து வந்த என் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னா மச்சான், எனக்கு ஒரு சொட்டு காட்டமாட்ட, கோழிக்குக் கரண்டில ஊட்டுற?"

"கறி மெத்துனு ஆவும் மாமா. உங்களுக்கு ஊத்துனா இன்னா ஆவும்?"

"நானும் மெத்துனு ஆவேன். சந்தேகம்னா உங்கக்காவைக் கேளு."

தம்பி அப்படிச் சிரித்து அதற்கு முன்னும் பின்னும் நான் பார்க்கவில்லை.

பண்டிகையன்று ஆராதனை முடிந்து வந்தோம். சபைக் கோவிலில் இரவல் வாங்கிய பெரிய தேக்சாப் பாத்திரத்தில் கோழியை வைத்து, அதன் வயிற்றில் ரொட்டித்தூளும் வெங்காயமும் ஈரலும் அடைத்து, மூடிமேல் நெருப்புப் போட்டார். கூட்டம் பெரிதில்லை. தம்பி, நான், என் வீட்டுக்காரர், பவுரிங்பேட்டையில் கட்டிக்கொடுத்த எஸ்தர், மருமகன். ஐந்தே பேர்.

பன்னிரண்டு மணிக்குக் குத்திப் பார்த்தேன், மரக்கட்டை. ஒரு மணிக்கும் அப்படியே. "வெந்துச்சாக்கா?" என்று தம்பி கேட்டுக்கொண்டே இருந்தார். "வேவுது தம்பி" என்றேன். எதிர்வீட்டுப் பப்பாளிக்காய் ஒன்றைப் பறித்து முந்தானைக்குள் மறைத்து வந்து, அவர் முகம் கழுவப் போன நேரத்தில் நறுக்கிப் போட்டேன். தோல்தான் குழைந்தது. உள்ளே நார் நாராய் நின்றது. பிறகு தம்பி போக மற்ற ஒவ்வொருவரையும் அடுப்படிக்கு அழைத்து, "பல்லு போனாலும் மெத்துனுகீதுன்னு சொல்லுங்க" என்று கெஞ்சினேன்.

கூடத்தில் நான்கு பேரும் உட்கார்ந்தார்கள். நான் குழம்பு எடுக்க உள்ளே வந்தேன். என் வீட்டுக்காரரின் குரல் கேட்டது.

"நல்லாகீது மச்சான். ரொம்ப நல்லாகீது."

அவர் எந்தச் சாப்பாட்டையும் நல்லது என்று சொன்னவரே இல்லை. எங்கள் கல்யாணச் சோற்றிலேயே கல் இருந்தது என்று இன்றுவரை சொல்கிறவர். அந்த வார்த்தைக்குப் பிறகு கூடத்தில் பேச்சு நின்றுபோயிற்று. மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்டது. எட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. குழம்புக் கிண்ணத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றேன்.

கை கழுவிவிட்டு தம்பி அடுப்படிக்கு வந்தார். என் தோளில் கை வைத்தார்.

"அடுத்த வருஷம் நீ பொறுக்குக்கா" என்றார்.

லெந்து நோன்புக் காலம் தொடங்குமுன் காலில் ஒரு புண் வந்தது. அது கறுத்து, காய்ச்சலானது. கடைசி இரண்டு நாள் யாரையும் அடையாளம் தெரியவில்லை. வாயில் கஞ்சி ஊற்றினேன். "உப்பு பத்தல" என்றார். பேசியது அதுதான் கடைசி. எனக்கு முன்னால் போகவேண்டிய பிள்ளையா அவன்?

அவர் சொன்ன அடுத்த வருஷமும் வந்தது. போன மாதம் பண்டிகைக்கு முன்னால் நான் மட்டும் பூதிகோட்டைக்குப் போனேன். ஒரு இளங்கோழியின் நெஞ்சை அழுத்தினேன். வளைந்தது. அதை இறக்கி விட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்தேன்.

நோயில் வந்து புண்ணுக்கு மருந்து கட்டிய டிரெஸ்ஸருக்கும், ஷிப்டை மாற்றிக்கொண்டு சவப்பெட்டியைத் தோளில் சுமந்த லைன்காரர்களுக்கும், ஜெபம் செய்த உபதேசியாருக்கும், தேக்சா கொடுத்த, மணியடிக்கும் கோவில் பிள்ளைக்கும், பூதிகோட்டை வண்டிக்காரருக்கும் நாங்கள் கடன்பட்டவர்கள். பெயர் விட்டுப்போனவர்கள் வருத்தப்படவேண்டாம்.

எஸ்தர், இதை அச்சுக்குக் கொடுக்குமுன் நீ ஒருமுறை படித்துப் பார். வருஷம், மாதம், ஊர்ப் பெயர் தப்பாயிருந்தால் திருத்து. இன்னொன்று. அன்றைக்கு உன் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நீ. மாமாவைக் கேட்டால் "சாப்ட்டான், விடு" என்கிறார். உன்னைக் கேட்கும்போதெல்லாம் நீ அழுகிறாய். அந்தக் கறியை அவன் ருசித்துச் சாப்பிட்டானா, எங்களுக்காக மென்று விழுங்கினானா? வாயால் சொல்ல முடியாவிட்டால், இதற்குக் கீழே ஒரு வரி எழுதிவிடு. எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும்.