சேமியா கூட வந்தால்தான் வருவேன்

வீடு வீடாக ஏறி இறங்கி வாக்குவம் கிளீனர் விற்கிறவனுக்கு வெயில் இரண்டாவது எதிரிதான். முதல் எதிரி கேட்டுக்கு உள்ளே நிற்கும் நாய். தோளில் மெஷினோடு காலிங் பெல் அழுத்தி, உள்ளே உறுமல் கேட்டுத் தெருமுனை வரை ஓடிய என் சக பாவிகளே, அந்தத் தொழிலில் நான் ஒரு நாயைக் கூடவே அழைத்துக்கொண்டு அலைந்தேன். தொண்ணூறுகளில் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் இருந்தவர்கள் என்னைப் பார்த்திருக்கலாம். பார்த்துச் சிரித்தும் இருக்கலாம்.

மருந்துச் சீட்டு

நந்தனத்தில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் லிஃப்டில், கரண்ட் போய் முக்கால் மணி நேரம் மாட்டிக்கொண்டேன். நான் லிஃப்டை விட்டு வெளியே வந்தேனே தவிர, லிஃப்ட் என்னை விடவில்லை. பஸ்ஸோ, முன்பின் தெரியாதவர் வீட்டு ஹாலோ, கதவைச் சாத்தினால் போதும். நெஞ்சு அடித்துக்கொள்ளும், உள்ளங்கை வேர்க்கும், இதோ செத்துவிட்டோம் என்று தோன்றும். இ.சி.ஜி.யில் ஒன்றும் இல்லை. ஒரு மாதத்துக்குள் சரியாகாவிட்டால் வேறு வேலை பார்த்துக்கொள்ளும்படி மேனேஜர் சொல்லிவிட்டார்.

எங்கள் தெருவில் ஒல்லியாக, வெளுத்த நிறத்தில் ஒரு பெண் நாய் இருந்தது. சேமியா என்று என் மனைவி பெயர் வைத்திருந்தாள். அது காலடியில் படுத்திருக்கும்போது மட்டும் எனக்குப் படபடப்பு வருவதில்லை. மனநல டாக்டரிடம் இதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அவர் சிரிக்கவில்லை. லெட்டர்ஹெட்டை எடுத்து, இவர் வெளியே போகும்போது நாய் உடன் இருப்பது அவசியம் என்று எழுதிச் சீலும் வைத்துக் கொடுத்தார். "ஒரு வேளை மாத்திரைய மறந்தாலும் மறங்க. நாய மறந்துட்டுப் போகாதீங்க."

மாமி வீட்டு வாசல்

சேமியாவுக்கு ஊசி போட்டு, கழுத்துக்குப் பட்டை வாங்கி, ஸ்கூட்டரின் முன்பலகையில் உட்காரப் பழக்கினேன். முதல் வீடு மயிலாப்பூரில், குளத்துக்குப் பக்கத்துத் தெரு. கதவைத் திறந்த மாமி என்னைப் பார்க்கவில்லை, சேமியாவைத்தான் பார்த்தார். "நாயெல்லாம் ஆத்துக்குள்ள வரப்படாது" என்றார். நியாயம்தான். கேட்டில் கட்டிவிட்டு உள்ளே போனேன். மாமி தெருக்கதவைச் சாத்தினார்.

பிளக்கைச் சொருகப் போனவனுக்குத் துளை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. பிளக்கால் சுவரையே குத்திக்கொண்டிருந்தேன். மோர் கொண்டுவந்த மாமி பார்த்துவிட்டார். உடம்புக்கு என்ன என்று கேட்டார். மறைக்க முடியாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் போய்த் தெருக்கதவின் இரண்டு பக்கத்தையும் விரியத் திறந்தார். கேட்டுக்குக் கீழே சேமியாவின் வால் தெரிந்தது. "இந்தாங்கோ, மோரைக் குடிங்கோ. கதவு தெறந்தே இருக்கட்டும், அதைப் பாத்துண்டே பண்ணுங்கோ."

செயல்முறை விளக்கம்

சேமியாவை எல்லாவற்றுக்கும் பழக்கினேன், ஒன்றைத் தவிர. மெஷின் சத்தத்துக்குப் பழக்க மறந்துவிட்டேன். தி.நகரில் ஒரு பேங்க் அதிகாரி வீட்டில் சேமியாவையும் தாராளமாக உள்ளே விட்டார்கள். எங்கள் வழக்கப்படி கார்ப்பெட்டில் ஒரு பிடி சாம்பலைத் தூவி, "இப்போ பாருங்க மேடம்" என்று சுவிட்சைப் போட்டேன். சேமியா சாம்பலிலேயே ஓடி, சோபாவில் ஏறி, அங்கிருந்து என் தோளுக்குத் தாவியது. மெஷினை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து பத்து நிமிஷம் தடவிக்கொடுத்தேன். அதன் நெஞ்சு என்னுடையதைப் போலவே அடித்துக்கொண்டது. அந்தப் பத்து நிமிஷமும் ஹால் கதவு சாத்தியிருந்தது என்பதே எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

கார்ப்பெட் முழுக்கச் சாம்பல் கால்தடம். அந்த அம்மா கோபப்படாமல் நிதானமாகச் சொன்னார்: "உங்க நாயே பயப்படற மெஷின எங்க வீட்டு வேலைக்காரம்மா எப்படிங்க தொடுவாங்க?"

மழையில் ஆட்டோ

ஸ்கூட்டர் ரிப்பேரான அன்று அடையாறில் நல்ல மழை. நாயோடு பஸ்ஸில் ஏற முடியாது. நாலு ஆட்டோ நிற்காமல் போனது. ஐந்தாவது நின்றது. டாக்டர் கடிதத்தை நீட்டினேன். "இங்கிலீஷா? நீயே சொல்லு, இன்னா எழுதிக்கீது?" என்றார் டிரைவர். சொன்னேன். ஏறச் சொல்லி, நனையாமல் இருக்க இரண்டு பக்கமும் படுதாவை இறக்கிவிட்டார்.

அவ்வளவுதான், மூச்சு முட்டியது. சேமியா மடியில் இருந்தும் படபடப்பு அடங்கவில்லை. கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தவர் வண்டியை ஓரங்கட்டி, இறங்கி, படுதாவை மறுபடி சுருட்டிக் கட்டினார். கிண்டி போகிற வரைக்கும் மூன்று பேரும் தெப்பலாக நனைந்தோம். நான் மன்னிப்புக் கேட்டதற்கு, "நனைஞ்சா தொவட்டிக்கலாம். நீ அத்த நல்லா புட்சிக்கினு குந்து நைனா" என்றார்.

கடைசிப் பெட்டி

கோயம்புத்தூரில் மூன்று நாள் பயிற்சி. வராதவர்களுக்கு வேலை இல்லை என்று கம்பெனி கடிதம் போட்டது. பகல் ரயில். என் டிக்கெட்டுக்கு நாயை ரயில் கார்டு இருக்கும் பெட்டியின் கூண்டில்தான் ஏற்ற முடியும். அதாவது சேமியா கடைசிப் பெட்டியில், நான் நடுவில். அரக்கோணத்தில் இறங்கி ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். காட்பாடியிலும் ஓடினேன். "தூங்குற நாய எதுக்கு சார் எழுப்புறீங்க?" என்று கேட்ட கார்டிடம் கடிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார்.

ஜோலார்பேட்டையில் பாதி வழிதான் ஓடினேன். பிளாட்பாரத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முன்னால் போனால் வேலை, பின்னால் போனால் நாய், இரண்டுக்கும் தெம்பில்லை. இங்கேயே இறங்கி வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று முடிவே செய்துவிட்டேன். அழுகை வந்தது, சொல்வதற்கென்ன. அப்போது கக்கத்தில் பச்சைக் கொடியோடு அந்த கார்டு நடந்து வந்து என் முதுகில் கை வைத்தார். "உங்க நாய் தண்ணி குடிச்சுது, நல்லா இருக்கு. இனிமே ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் உங்க பெட்டி வாசல்ல வந்து நில்லுங்க, நான் கை காட்டறேன். இப்ப மெதுவா நடந்து போய் ஏறுங்க சார், நீங்க ஏறாம நான் கொடி காட்ட மாட்டேன்."

சேலத்தில் கை காட்டினார், ஈரோட்டில் காட்டினார், நானும் சேமியாவும் கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்தோம்; அங்கே முதல் வகுப்பே வாடிக்கையாளர் வீட்டு நாயிடமிருந்து தப்பிப்பது எப்படி என்பதுதான், அதை என் காலடியில் படுத்துக்கொண்டு சேமியா முழுக்கக் கேட்டது.