எக்ஸ்பிரஸ் அக்காவின் பதினெட்டு பேர்

அவசர சிகிச்சைப் பிரிவின் தலைமைச் செவிலியை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. எக்ஸ்பிரஸ் அக்கா, அவ்வளவுதான். டாக்டர் ஊசி என்று சொல்லி வாய் மூடுவதற்குள் இவர் போட்டு முடித்துப் பஞ்சை அழுத்திக்கொண்டிருப்பார். மசமசவென்று நிற்பவர்களைக் கண்டால் அவருக்கு ஆகவே ஆகாது. வீட்டில் பஸ் டிரைவரான கணவர் ஆற அமரச் சாப்பிடுவதைப் பார்த்தாலே கை பரபரக்கும். இருபத்திரண்டு வருஷமாக இதே கதை.

அன்று காலை ஒத்திகை. கூட்டமான இடத்தில் எவனாவது செயற்கை ஓபியாய்டை, அதாவது அபின் வகைக் கடும் மருந்தை, பரப்பிவிட்டால் என்ன செய்வது என்று பார்க்க. அது உடம்பில் ஏறினால் ஆள் தூங்குவதுபோல் சாய்வான். மூச்சு குறைந்து குறைந்து நின்றே போகும். முறிமருந்து நலாக்சோன். நோயாளியாக நடிக்கப் பதினெட்டு பேர் வந்தார்கள்; நிலைமையை எழுத ஆளுக்கு ஓர் அட்டை. அதிகாலை டியூட்டியை முடித்த கையோடு வந்திருந்த கணவரும் அவர்களில் ஒருவர்.

அக்கா பம்பரமாகச் சுழன்றார். ஒன்பதே நிமிஷத்தில் பதினெட்டு அட்டையிலும் 'மூச்சு வந்தது' என்று எழுதியாகிவிட்டது.

"எல்லாரும் எந்திரிங்க. வெளிய பெஞ்சுல உக்காந்து டீ குடிங்க. அடுத்த கூட்டம் வந்தா கட்டில் வேணும்."

ஐம்பது நிமிஷம் கழித்து, ஒத்திகையை நடத்திய டாக்டர் வந்தார்.

"சிஸ்டர், உங்க பதினெட்டு பேரும் எங்க?"

"பொழச்சு டீ குடிக்கறாங்க, டாக்டர்."

"முறிமருந்து சீக்கிரம் அடங்கிடும். உள்ள போனது அதுக்கப்புறமும் நிக்கலாம். மறுபடி மூச்சு நின்னா யாரு பாக்கறது?"

அக்காவுக்குச் சுருக்கென்றது. அவருக்குத் தெரியாததல்ல. எப்போதாவது ஒருவர் அப்படி வந்தால் கட்டிலிலேயே, கண்ணெதிரே கிடப்பார். பதினெட்டு பேரை எழுப்பி வெளியே அனுப்பியது இதுதான் முதல்முறை.

ஓடினார். பெஞ்சின் கோடியில் கணவர் சுவரில் சாய்ந்து கிடந்தார். தலை தொங்கியிருந்தது, கப் மடியில் கவிழ்ந்திருந்தது. எத்தனை பேர் அவரைத் தாண்டிப் போயிருப்பார்கள்! ஒருவரும் நிற்கவில்லை. வெறும் ஒத்திகை என்று அக்காவின் மூளைக்குத் தெரியும்; கை கேட்கவில்லை. அவர் முன்னால் அப்படியே உட்கார்ந்து உலுக்கினார்.

"என்னம்மா? கொஞ்சம் அசந்துட்டேன்."

பின்னாலேயே வந்த டாக்டர் கணவருடைய அட்டையை வாங்கி, இருந்ததை அடித்துவிட்டு 'இறந்தார்' என்று எழுதினார். மற்ற பதினேழு அட்டையிலும் அதையே எழுதினார்.

அக்கா அழுதார். எல்லோரும் பார்க்கத்தான் அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, மூச்சைக் கவனிக்கப் பெஞ்சுக்கு ஓர் ஆளை நிறுத்தச் சொன்னார். கணவரின் பக்கத்தில் தானே உட்கார்ந்தார்.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. உனக்கு வேலை இல்லையா?"

"இதான் வேலை. பேசாம மூச்சு விடுங்க, எண்ணிட்டிருக்கேன்."