ஏரியைப் பார்த்த ஸ்பீக்கர்

மாசி நெருங்கினால் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. சாப்பிட உட்கார்ந்தால் விரல் தட்டின் விளிம்பில் தாளம் போடும். "தட்ட உட்டுட்டு சோத்த துன்னு" என்பாள் மனைவி. ஏரியில் வலை போடுவது என் தொழில். கல்யாணம், ஊர்வலம், சாவு என்று கூப்பிட்டால் சிவப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு பேண்டு செட்டோடு போய் சாக்ஸபோன் வாசிப்பேன். அது கூலிக்கு. வருஷத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கோட்டைக்குப்பம் ஏரிக்கரையில், கூலி இல்லாமல் வாசிப்பேன். என் வருஷம் முழுக்க அந்த ஒரு சாயங்காலத்தைச் சுற்றித்தான் ஓடுகிறது.

இப்போது அதற்கு ஜாஸ் விழா என்று பெயர். நாங்கள் வைத்த பெயர் இல்லை. பேனரில் 'அனுமதி இலவசம்' என்றும் போடுகிறார்கள். முதல் தடவை அதைப் படித்துவிட்டு குப்பத்து ஜனம் கொதித்துப் போய்விட்டது. ஏரிக்கரைக்கு வருகிறவனுக்கு அனுமதி கொடுக்க இவன் யார் என்று கேட்டார்கள். எனக்கும் அதே எரிச்சல்தான், ஆனால் பேனரில் என் போட்டோவும் இருந்ததால் நான் அதிகம் பேசவில்லை.

அது ஆரம்பித்ததே ஒரு கல்யாணத்தில் வாசிக்க முடியாமல் போனதால்தான். நான் பேண்டில் சேர்ந்த புதிது, மாசி மாசம். ஏரிக்கு அந்தப் பக்கம், ஒரு தீவுக் கிராமத்தில் கல்யாணம். காலையிலிருந்து பேய்க்காற்று. படகை எடுக்க ஒருத்தனும் துணியவில்லை. சட்டையில் ஜரிகை பளபளக்க, டிரம்பெட்டையும் டிரம்மையும் மடியில் வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தோம். அந்தப் பக்கம் மேளச்சத்தமே இல்லாமல் தாலி ஏறப்போகிறது. எங்கள் பேண்டு மாஸ்டருக்கு அது பொறுக்கவில்லை. "இங்க குந்திக்கினு ஊதுவோம், போறது போவட்டும்" என்றார். கோயில் குழாய் ஸ்பீக்கரைக் கழற்றி வந்து, கழியில் கட்டி, வாயை ஏரிப் பக்கம் திருப்பினார்கள். காற்று குறைந்தபோது முகூர்த்தம் தாண்டியிருந்தது, அப்புறமும் இருட்டுகிற வரைக்கும் வாசித்தோம்.

தீவில் கேட்டதா என்று இன்றுவரை தெரியாது. கல்யாண வீட்டார் அதைப்பற்றிப் பேசவே இல்லை, கூலி கேட்க எங்களுக்கும் முகம் இல்லை. ஆனால் காற்று தணிந்ததும் வலைக்குக் கிளம்பியிருந்த ஆட்களுக்கு அது கேட்டிருக்கிறது. அடுத்த மாசியில் அவர்களே வந்து நின்றார்கள். "இன்னாபா, இந்த வருசம் ஊதலியா?" என்றார்கள். அப்படி ஊத ஆரம்பித்ததுதான். பிறகு பொன்னேரி செட் வந்தது, கும்மிடிப்பூண்டி செட் வந்தது, எளாவூர் செக்போஸ்ட் பக்கத்திலிருந்து ஒரு செட் வந்தது. எத்தனை செட் வந்தாலும் ஸ்பீக்கர் மட்டும் ஏரியைப் பார்த்துத்தான் நிற்கும்.

அதற்குக் காரணம் பாடு. ஏரியில் இறால் ஓடும் இடங்கள் கொஞ்சம்தான். ஆளாளுக்குப் போய் வலை கட்டினால் மண்டை உடையும். அதனால் சீட்டுக் குலுக்கி, இன்ன நாள் இன்னார் இன்ன இடத்தில் என்று முறை வைத்திருக்கிறோம். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். சீட்டு விழுந்தவன் தானே போக வேண்டும், வேறு ஆளை அனுப்பக்கூடாது. வீட்டில் இழவு, இல்லை பிரசவம் என்றால்தான் விலக்கு. போகாவிட்டால் முறை போச்சு, அடுத்தது எப்போது வருமோ. கச்சேரி நாளிலும் யாருக்காவது பாடு இருக்கும். அவர்கள் கரைக்கு வர முடியாது, அதனால் பாட்டு அவர்களிடம் போகும். நாங்கள் ஸ்பீக்கருக்குப் பின்னால் மணலில் உட்கார்ந்து வாசிப்போம்.

ஜாஸ் என்ற பேச்சு ஒரு தொப்பிக்காரரோடு வந்தது. பட்டணத்தில் டிரம்ஸ் வாசிக்கிறவர். ஒரு விடுமுறைக்கு இறால் வறுவல் சாப்பிட வந்தவர், எங்கள் சத்தத்தைக் கேட்டு இலையை விட்டு எழுந்து வந்துவிட்டார். அப்போது நானும் எளாவூர் சாக்ஸபோன்காரனும் மாறி மாறி வாசித்துக்கொண்டிருந்தோம். அவன் ஒன்று வாசித்தால் நான் அதைத் திருகி வாசிப்பேன், அவன் மறுபடி அதைக் கவிழ்ப்பான். "ஒருத்தருக்கொருத்தர் இப்படிப் பதில் சொல்றீங்களே, இதுதாங்க ஜாஸ்" என்றார் தொப்பிக்காரர். எங்கள் ஊரில் அதற்கு வம்பு என்று பெயர். அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

எளாவூர்க்காரனைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வயதுதான். வீட்டில் பாதித் தெலுங்கு பாதித் தமிழ், யாரைப் பார்த்தாலும் நைனா. மூச்சு கட்டை. நாலு சுரம் ஊதிவிட்டு நிறுத்துவான், மறுபடி நாலு ஊதுவான். நான் இடைவெளியே விடமாட்டேன். ஒரு மூச்சில் சர்ரென்று மேலே போய் இறங்குவேன், கரையில் பையன்கள் விசில் அடிப்பார்கள். "பஸ்ஸு நின்னு நின்னு போற மாதிரி வாசிக்கிறியே" என்று வருஷா வருஷம் அவனைக் கேலி செய்வேன். அவன் சிரித்துக்கொண்டு மூச்சு வாங்குவான்.

தொப்பிக்காரர் அடுத்தடுத்த வருஷங்களில் நண்பர்களைக் கூட்டி வந்தார். நாற்காலி வந்தது, கேமரா வந்தது. கரையில் உட்காருகிறவர்களுக்கென்று தனி ஸ்பீக்கர் வைத்துக்கொண்டார்கள். ஏரிப் பக்கத்துக் குழாயை மட்டும் குப்பம் தொடவிடவில்லை. அவரும் நல்ல மனுஷர், தொடவில்லை. ஆனால் ஒன்று கேட்டார். தேதியை முன்கூட்டியே சொல்ல வேண்டும், பட்டணத்து ஆட்கள் கடைசி நேரத்தில் கிளம்பி வர முடியாது என்றார். நியாயமாகத்தான் பட்டது. மாசி முதல் சனிக்கிழமை என்று தலையாட்டினோம்.

அதுவரை நாங்கள் தேதியே வைத்ததில்லை. சீட்டு விழுந்த பிறகு, வாசிக்கிறவர்களில் யாருக்கும் பாடு இல்லாத ஒரு சாயங்காலமாகப் பார்த்துச் சொல்வோம், அவ்வளவுதான். சீட்டு விழுவதற்கு முன்னால் தேதி வைக்கக்கூடாது என்று எங்களில் ஒருவனுக்கும் உறைக்கவில்லை. அவ்வளவு சாதாரணமான விஷயம் அது. காற்று பார்க்காமல் படகு எடுத்த மாதிரி தேதியைக் கொடுத்துவிட்டு வந்தோம்.

போன வருஷம் தொப்பிக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அடுத்த வருஷம் கடைசியில நீங்க மட்டும் வாசிங்க. டிரம்மோ கிளாரினெட்டோ வேணாம். உங்களுக்குத் தோணுறத வாசிங்க" என்றார். எனக்குத் தோன்றுவதை இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் சொன்ன பாட்டு, சாவில் செத்தவருக்குப் பிடித்த பாட்டு. அன்றிலிருந்து வருஷம் பூரா சவுக்குத் தோப்பில் போய் நின்று ஊதினேன். ஒன்று பிடிபடும், மறுநாள் பிடிக்காமல் போகும். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஷிஃப்ட் முடிந்து பைக்கில் போகிறவர்கள் நிறுத்தி, "இன்னாணா, ஆச்சா?" என்று கேட்பார்கள். ஆகவே இல்லை.

தை கடைசியில் சீட்டுக் குலுக்கினார்கள். மாசி முதல் சனிக்கிழமை, முகத்துவாரத்துப் பக்கத்து நல்ல இடம், என் பெயருக்கு விழுந்தது.

வேறு வருஷமாக இருந்தால் துள்ளிக் குதித்திருப்பேன். அன்று சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தேதியை மாற்ற முடியாது, பேனர் அடித்தாகிவிட்டது. சீட்டை மாற்ற முடியாது. மனைவியின் தம்பிதான் என் கூட வலைக்கு வருகிறவன். "மாமா, இழவு ஏதாச்சும் ஏற்பாடு பண்ணட்டா?" என்றான். "உன்னத்தான் போடணும்" என்றேன். அவன் சிரித்தான், எனக்குச் சிரிப்பு வரவில்லை. மனைவி வலையை எடுத்து ஓட்டை பார்க்க உட்கார்ந்துவிட்டாள். நல்ல இடத்து முறையை விட்டுவிட்டு ஊதப் போனேன் என்றால் அவள் குப்பத்தில் தலை காட்ட முடியாது. தொப்பிக்காரருக்கு போன் போட்டுச் சொன்னேன். அவர் வருத்தப்பட்டார், பிறகு மெதுவாகக் கேட்டார், அந்த இடத்தில் யாரைப் போடலாம் என்று. எளாவூர்க்காரன் பெயரைச் சொல்லும்போது என் குரல் நன்றாக இல்லை என்பது எனக்கே கேட்டது.

சனிக்கிழமை மத்தியானமே கிளம்பிவிட்டோம். கழி ஊன்றி வலையைக் கட்டிவிட்டால் பிறகு நீரோட்டம் திரும்பும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அந்தக் காத்திருப்பு எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கட்டிய முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினேன். படகின் அந்த முனைக்குப் போனேன், இந்த முனைக்கு வந்தேன். "படகு ஆடுது மாமா, குந்து" என்றான் மச்சான். உட்கார்ந்தேன். எழுந்தேன். தூரத்தில் கரையில் சிவப்புச் சட்டைகள் சின்னப் புள்ளிகளாகத் தெரிந்தன. வெயில் சாய்ந்தது. கடல் பக்கத்திலிருந்து கொண்டல் காற்று கிளம்பி, குப்பத்தைத் தாண்டி எங்களை நோக்கி வீச ஆரம்பித்தது. அதோடு பாட்டும் வந்தது.

இத்தனை வருஷத்தில் ஸ்பீக்கருக்கு முன்னால் நான் இருந்தது அதுதான் முதல் தடவை. பின்னால் உட்கார்ந்து வாசிக்கிறவனுக்குத் தன் சத்தம் மட்டும்தான் கேட்கும். ஏரியில் எப்படிக் கேட்கிறது என்று தெரியாது. அதனால் கச்சேரிக்கு மறுநாள் விடிந்ததும் நான் படகுத்துறைக்கு ஓடுவேன். பாடு முடிந்து திரும்புகிறவர்களைப் பிடித்து, "கேட்டுச்சா?" என்பேன். "கேட்டுச்சுப்பா, ஜோரா இருந்துச்சு" என்பார்கள். அந்த ஒரு வார்த்தையில் அடுத்த மாசிவரை எனக்கு ஓடிவிடும்.

முதலில் பொன்னேரி செட். பிறகு எங்கள் செட், நான் இல்லாமல். வேகமாக வாசித்தார்கள், எனக்குத் தெரிந்த ஒவ்வொரு இடமும் வந்தது. ஆனால் தண்ணீர் மேல் வந்து சேரும்போது ஒன்றின் மேல் ஒன்று விழுந்து ஒரே இரைச்சலாக இருந்தது. கிளாரினெட் எது, டிரம்பெட் எது என்று பிரித்து எடுக்க முடியவில்லை. காற்று மாறிவிட்டதா என்று பார்த்தேன். மாறவில்லை.

இருட்டு விழுகிற நேரத்தில் எல்லாம் நின்றது. பிறகு சாக்ஸபோன் மட்டும் கேட்டது.

நாலு சுரம். நிறுத்தினான். அந்த நாலும் ஒவ்வொன்றாக, தனித்தனியாக வந்து சேர்ந்தன. கடைசிச் சுரம் அடங்கின பிறகுதான் அடுத்தது புறப்பட்டது. அவன் மூச்சு வாங்குகிற இடத்திலெல்லாம் பாட்டு ஏரியைக் கடந்து எங்களிடம் வந்துகொண்டிருந்தது. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அது என் இடம். வருஷம் பூரா தோப்பில் நின்று தேடினது இதைத்தான் என்று தெரிந்தபோது கோபம் இன்னும் அதிகமானது. பிறகு அதையும் மறந்து கேட்டேன். மச்சான் பீடியைப் பற்றவைக்காமல் கையிலேயே வைத்திருந்தான். அன்றைக்கு முழுக்க அடங்காத என் கை மடியில் கிடந்தது.

பக்கத்துப் படகில் பாடு பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் துடுப்பைப் போட்டுக் கொஞ்சம் நெருங்கி வந்தார். பக்கத்துக் குப்பம், எங்களுக்குப் பழக்கம். அந்த மங்கலில் வலைப் பக்கம் குனிந்திருந்த என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை, வேறு யாரோடோ மச்சான் கூலிக்கு வந்திருக்கிறான் என்று நினைத்துவிட்டார். மச்சானைப் பார்த்துச் சொன்னார்.

"இன்னாபா, உன் மாமன் இந்த வாட்டி இன்னாமா வாசிக்கிறான். இத்தினி வருசமா கொர்ருனு ஒரே சத்தமாத்தான் வரும். பாவம், ஆசையா வந்து கேக்கறானேன்னு ஜோரா இருந்துச்சுனு சொல்லிட்டுப் போவோம். இப்பத்தான் மெய்யாலுமே வாசிக்கிறான்."

மச்சான் வாயைத் திறந்தான். நான் அவன் முட்டியில் கையை வைத்து அழுத்தினேன். "சொல்றேண்ணே அவராண்ட" என்றான் அவன். பெரியவர் துடுப்பைத் தள்ளிக்கொண்டு போனார். நீரோட்டம் திரும்பியது, எழுந்து வலையைப் பார்த்தோம். வலை நிறைந்திருந்தது. நான் இறாலைப் பார்க்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். முகம் எரிந்துகொண்டிருந்தது. எத்தனை விடியலில் எத்தனை பேரைப் பிடித்துக் கேட்டிருப்பேன், எத்தனை பேர் எனக்காகப் பொய் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்க நினைக்க, ஏரியிலேயே குதித்துவிடலாம் போலிருந்தது.

விடிந்து துறைக்கு வந்தபோது எளாவூர்க்காரன் அங்கே நின்றுகொண்டிருந்தான். ஊருக்குப் போகவில்லை. சிவப்புச் சட்டையைக்கூட மாற்றவில்லை. படகு மணலில் தட்டுவதற்குள் முழங்கால் தண்ணீரில் இறங்கி வந்து விளிம்பைப் பிடித்துக்கொண்டான். கண் சிவந்திருந்தது.

"நைனா, அங்க கேட்டுச்சா?"

பொய் சொல்ல ஒரு நிமிஷம் மனசு அலைந்தது. காற்று சரியில்லை, ஒன்றும் கேட்கவில்லை என்று சொன்னால் யாருக்குத் தெரியப்போகிறது? மச்சான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கேட்டுச்சு" என்றேன். "நல்லா கேட்டுச்சு. பக்கத்துப் படகுல இருந்த பெருசு, நான்தான் வாசிக்கிறேன்னு நெனச்சிக்கினாரு."

அவன் கை படகிலிருந்து நழுவியது. முகம் அப்படியே விழுந்துவிட்டது.

"ஏன் நைனா," என்றான், "அவ்ளோ மோசமாவா இருந்துச்சு?"