இரண்டு பொட்டலம்

என் தாய்மாமன் சாமி முன்னால் பொய் சொன்னவர். அதையும் ஒரு ஒன்பது வயதுப் பெண்ணின் கையை வைத்துச் சொன்னார். அந்தப் பெண் நான். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

அப்பாவிடம் ஒரு குட்டியானை இருந்தது. நான் பிறந்த வருடம் வாங்கிய லோடு வண்டி. குடோனிலிருந்து தி.நகர் கடைகளுக்குத் துணி மூட்டை ஏற்றுவார். கண்ணாடிக்கு மேலே மஞ்சள் பெயின்டில் என் பெயர் இருக்கும். சிக்னலில் போலீஸ்காரர்கூட அந்தப் பெயரைச் சொல்லித்தான் ஓரங்கட்டச் சொல்வார். எனக்கு அதில் பெரிய பெருமை.

பிறகு தம்பி பிறந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது அம்மா குழந்தையோடு முன்னால் உட்கார்ந்தாள். நான் பின்னால், வாளியையும் பிளாஸ்க்கையும் பிடித்துக்கொண்டு. நந்தனம் சிக்னலில் வண்டி நின்றுவிட்டது. சீட்டுக்குக் கீழேதான் இன்ஜின். குழந்தை சிவந்துபோய், குரல் அடங்கும்வரை அழுதது. அம்மா இறங்கி வெயிலில் நின்றாள். பைக்கில் பின்னாலேயே வந்த மாமா அதைப் பார்த்தார். அன்றே சண்டை ஆரம்பித்தது.

"பச்சக் கொழந்தய இதுல இட்டுனு போவியா மாமா? வண்டியா இது, அடுப்பு."

"அடுப்புதான்டா. அதுலதான் உங்கக்காவுக்குச் சோறு வேவுது" என்றார் அப்பா.

"வித்துட்டு சீட்டு வச்ச வேனா எடு."

"லோடு அடிக்கிறவன் வேன் வச்சினு இன்னா பண்றது? மூட்டைய மடில வச்சிக்கவா?"

ஒரு மாதம் இப்படியே போனது. அம்மா எந்தப் பக்கமும் பேசவில்லை. குழந்தைக்கு விசிறிக்கொண்டே இருந்தாள். கடைசியில் மாமா, சாமியையே கேட்டுவிடலாம் என்றார். எங்கள் வீட்டில் முடிவு எட்டாத விஷயங்களுக்கு அதுதான் வழி. ஒரு பொட்டலத்தில் திருநீறு, இன்னொன்றில் குங்குமம். குங்குமம் வந்தால் வண்டி இருக்கட்டும், திருநீறு வந்தால் விற்றுவிடுவது. மயிலாப்பூர் குளத்தங்கரைப் பிள்ளையார் கோயிலுக்குப் போனோம். பொட்டலம் மடித்தவர் மாமா. எடுக்க வேண்டியது குழந்தை கை என்று என்னைத் தட்டின் முன்னால் நிறுத்தினார்கள். நான் கண்ணை மூடி, குங்குமம், குங்குமம் என்று வேண்டிக்கொண்டு எடுத்தேன்.

திருநீறு.

எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அப்பா மட்டும் தட்டில் கிடந்த இன்னொரு பொட்டலத்தை எடுத்து லேசாகப் பிரித்துப் பார்த்தார். படியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தார். மறுபடி மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். குங்குமத்தைப் பிரசாதமாக வைத்துக்கொள்கிறார் என்று நினைத்தேன்.

வண்டி போனது. வேன் வரவில்லை. அப்பா ஒரு கம்பெனிக்கு டிரைவராகப் போனார். சொந்த வண்டியில் கத்திப் பாடிக்கொண்டு வந்தவர் யாருக்கோ கதவு திறந்துவிட்டார். வீட்டில் பாட்டு நின்றது.

"அவ எடுத்தா, வண்டியே பூட்ச்சி" என்றாள் மாமாவின் மனைவி. அதுவே நிலைத்தது. கைராசி இல்லாதவள் ஆகிவிட்டேன். சொந்தத்தில் யார் வீட்டில் பால் காய்ச்சினாலும் என்னை விளக்கேற்ற விடுவதில்லை. மாமா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார்.

போன மாதம் அப்பாவின் லைசென்சைப் புதுப்பிக்க, அவர் அதை வைத்திருந்த பழைய உறையைப் பிரித்தேன். உள்ளே, அன்று கோயிலில் அவர் சட்டைப் பையில் போட்ட அதே பொட்டலம். திருநீறு.

"தெரிஞ்சும் ஏன் நைனா சொல்லல?"

"உங்கம்மா மூஞ்சப் பாத்தேன். சும்மா இருந்துட்டேன்."

அவர் அம்மாவைப் பார்த்ததற்கு அர்த்தம் அன்று எனக்குத் தெரியவில்லை. வண்டி அந்த நிமிடமே போய்விட்டது என்பதும் தெரியவில்லை. அவர் மடித்துப் பையில் போட்டதோடு என் பெயரும் சேர்ந்து போனதை அவரும் யோசிக்கவில்லை.

வண்டியை விற்றது சரியாகவே இருக்கலாம். எனக்கும் இப்போது கைக்குழந்தை இருக்கிறது. அந்தச் சூடு புரிகிறது. மாமா அப்பாவின் சட்டையைப் பிடித்துக் கேட்டிருக்கலாம், அம்மாவைப் பேசச் சொல்லியிருக்கலாம். பெரியவர்கள் மூன்று பேர் இருந்தீர்கள். என் கை எதற்கு?

அடுத்த மாதம் என் மகளுக்குக் காதுகுத்து. அன்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்த தம்பிதான் மடியில் வைத்துக்கொள்ளப் போகிறான். சொந்தம் முழுக்க வரும். விளக்கை யார் ஏற்றுவது என்று பேச்சு வரும், எல்லோரும் என்னைத் தாண்டிப் பார்ப்பார்கள். அப்போது மாமா எழுந்து நிற்க வேண்டும். போனில் வேண்டாம். என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சமாதானமும் வேண்டாம். மைக்கைக் கையில் தருகிறேன். அந்த இரண்டு பொட்டலத்திலும் என்ன வைத்தீர்கள் மாமா? எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள்.