எனக்கு முன்னால் போய்விட்ட குரல்

கல்லூரி இரண்டாம் ஆண்டிலேயே என் எதிர்காலத்தை முடிவு செய்துவிட்டேன். வானொலி அறிவிப்பாளர். தோழிகள் கணக்கியல், மனிதவளம் என்று பத்திரமான இடம் தேடிக்கொண்டிருந்தபோது எனக்கு மட்டும் அப்படியொரு கிறுக்கு. என்னிடம் இருந்த ஒரே சொத்து குரல்தான். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அனுபவம் வேண்டுமே என்று, செமஸ்டர் விடுமுறையில் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் பூக்கடை ஒன்றின் மேல்மாடியில் இருந்த ஒலிப்பதிவு அறைக்குப் போனேன். கணினியைத் தமிழ் பேசப் பழக்கும் வேலை. "கதவு மூடுகிறது." "அவர் இன்னும் வரவில்லை." சம்பந்தமே இல்லாத வாக்கியங்களைச் சிரித்துக்கொண்டும் அழுவது போலவும் வாசிக்கச் சொல்வார்கள். அந்த அறையில் எதிரொலியே கிடையாது. பேசியது வாயைவிட்டு வெளியே வந்ததும் காணாமல் போய்விடும். எனக்கு அது பிடிக்கவே இல்லை. ஆனாலும் வானொலிக்கு இதுதான் முதல் படி என்று மனதைத் தேற்றிக்கொண்டு விடுமுறை முழுக்க வாசித்தேன்.

கடைசி ஆண்டில் ஒருநாள் அம்மாவைக் கிள்ளானில் ஒரு கிளினிக்குக்கு அழைத்துப் போயிருந்தேன். கூரையில் இருந்த ஒலிபெருக்கி, "அடுத்தவர் மூன்றாம் அறைக்கு வரவும்" என்றது. அம்மா சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

"ஏண்டி, நீயா கூப்பிட்ட?"

"இல்லம்மா, ஸ்பீக்கர் லா."

"ஒன் கொரல் எனக்குத் தெரியாதா?"

அந்த வாக்கியத்தை நான் வாசித்ததே இல்லை. ஆனால் குரல் என்னுடையதுதான்; கணினி பழகிவிட்டது. அம்மாவுக்கோ பெருமை தாங்கவில்லை. பக்கத்தில் இருந்த ஆன்டியிடம், "எம் பொண்ணு பேசுறா" என்று ஒலிபெருக்கியைக் காட்டினார். அதன் பிறகு கிளினிக்கிலிருந்து அந்தக் குரல் வீட்டுக்கும் போன் செய்து, மருந்து வாங்கும் நாளை நினைவூட்டும். அம்மா அதற்கு, "சரிம்மா" என்று பதில் சொல்வார். அந்தக் குரல் இருமாது, எரிந்து விழாது. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

படிப்பு முடிந்ததும் கோலாலம்பூரில் ஓர் இணைய வானொலியில் குரல் தேர்வுக்கு அழைத்தார்கள். வாசித்து முடித்ததும் அதிகாரி உதட்டைப் பிதுக்கினார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்களுக்கு இந்த மாதிரி வேணும்."

கணினியைத் தட்டினார். செராஸில் மழை பெய்யும் என்றது என் குரல்.

"நியூஸ் எல்லாம் இதுதான் வாசிக்குது. கேக்குறவங்களுக்குப் பழகிப் போச்சு. நேரலைக்கு மட்டும் ஆள் வேணும், வித்தியாசம் தெரியக் கூடாது. எங்க, இதே மாதிரி சொல்லுங்க."

சொன்னேன். என்னைப் போலவே பேச நான் அவ்வளவு பாடுபட்டேன்.

"கிட்டத்தட்ட வருது. ஆனா அது இல்ல."

"சார், அது என் குரல்தான்."

அவர் சிரிக்கவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை.

"காலையில வந்த ரெண்டு பொண்ணுங்களும் இதையேதான் சொன்னாங்க."

வெளியே வந்தபோது கைப்பேசியில் சார்ஜ் இல்லை. வேலை கிடைக்கவில்லை என்று அம்மாவிடம் சொல்லி அழ வேண்டும் போலிருந்தது. வரவேற்பு மேசையில் கேட்டு, அங்கிருந்த தொலைபேசியில் வீட்டுக்கு அழைத்தேன்.

"அம்மா" என்றேன்.

"சொல்லுங்கம்மா," என்றார் அம்மா, மிகவும் மரியாதையாக. "கிளினிக்கா?"